தலசீமியா: பம்ப்பா, கெல்ஃபரா, டெஃபெராசிராக்ஸா? மூன்றையும் கொடுத்துப் பார்த்த அனுபவம்

என் மகளுக்கு பீட்டா தலசீமியா மேஜர், அதாவது உடம்பு போதுமான ஹீமோகுளோபினைத் தானாக உண்டாக்க முடியாத பரம்பரை ரத்த நோய். கைக்குழந்தையாக இருந்ததிலிருந்தே ரத்தம் ஏற்றுகிறோம், இரும்பை வெளியேற்றும் மருந்துகள் மூன்றையும் அவளுக்குக் கொடுத்தாகிவிட்டது. புதிதாக மருந்து ஆரம்பிக்கும் அம்மாக்கள் டே கேர் வார்டில் "எதுக்கா நல்லது?" என்று கேட்கிறார்கள். ஒரு வரியில் சொல்ல முடியாது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஒரு பை ரத்தத்தில் 200 மி.கி.க்கு மேல் இரும்பு இருக்கும். உடம்பு தானாக வெளியேற்றுவது நாளைக்கு 1, 2 மி.கி. மட்டும். மிச்சம் கல்லீரலிலும் இதயத்திலும் சுரப்பிகளிலும் தங்கிவிடும். எந்த மருந்து என்று முடிவு செய்ய எல்லோரும் ஃபெரிட்டின் (ரத்தத்தில் பார்க்கிற இரும்புச் சேமிப்பு அளவு) எண்ணை மட்டும் பார்க்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஒரு காய்ச்சல் வந்தாலே ஃபெரிட்டின் ஏறும். இரும்பு எங்கே தங்கியிருக்கிறது என்று காட்டுவது எம்.ஆர்.ஐ. டி2 ஸ்டார் ஸ்கேன்தான். இதயத்துக்கு 20 மில்லி செகண்டுக்கு மேல் இருந்தால் நிம்மதி, 10க்குக் கீழே போனால் ஆபத்து. ஃபெரிட்டின் சுமாராக இருந்தும் இதயத்தில் இரும்பு சேர்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு. ஸ்கேன் செலவு அதிகம்தான், ஆனாலும் மருந்து மாற்றும் முன்பு டாக்டரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

டெஸ்ஃபெரால் 1960களிலிருந்து இருக்கிற மருந்து, சின்ன பம்ப் வழியாக ஏற்றுவது. வயிற்றில் தோலுக்கு அடியில் ஊசியைக் குத்தி, 8லிருந்து 12 மணி நேரம், வாரத்தில் 5 ராத்திரியாவது ஓட வேண்டும். வேலை செய்யும், சந்தேகமே வேண்டாம். இதயம் பலவீனமாகிப் போனவர்களுக்கு இன்றைக்கும் இதையே நரம்பு வழியாக இடைவிடாமல் ஏற்றுகிறார்கள். ஆனால் குத்திய இடம் சிவந்து தடித்துப்போய், மறுநாள் ராத்திரி எங்கே குத்துவது என்று குழந்தையின் வயிற்றைத் தடவிப் பார்க்க வேண்டியிருக்கும், கல்யாணம் காட்சி என்று ஊருக்குப் போனால் அங்கேயும் பம்ப்பைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், பிள்ளை வளர வளர "இன்னிக்கு மட்டும் வேண்டாம்மா" என்று கெஞ்ச ஆரம்பிக்கும். விட்டுப்போன ராத்திரிகளின் கணக்கு இரும்பாகச் சேர்ந்துவிடும்.

அப்புறம் கெல்ஃபர், அதாவது டெஃபெரிப்ரோன். சிப்லா கம்பெனி மருந்து, 1990களில் வந்தது. இதயத்திலிருந்து இரும்பை எடுப்பதில் இதற்கு நல்ல பெயர். ஒரு நாளைக்கு 3 வேளை, அதில் மதிய வேளை பள்ளிக்கூடத்தில் கழியும். சிறுநீர் செம்பழுப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது வெள்ளணுக்களுக்கு. நூற்றில் ஓரிருவருக்கு நியூட்ரோஃபில் (கிருமியோடு சண்டை போடும் வெள்ளணு) அபாயமான அளவுக்கு விழுந்துவிடும், அதனால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டும், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டு கவுண்ட் பார்க்க வேண்டும். என் மகளுக்கு முழங்கால் வலி வந்து மாடிப்படி ஏற முடியாமல் போனதால் டாக்டர் நிறுத்தினார்.

இப்போது கொடுப்பது டெஃபெராசிராக்ஸ். தினமும் ஒரே வேளை என்பதுதான் பெரிய நிம்மதி. இதில் 2 வகை இருக்கிறது. கரைத்துக் குடிக்கிற மாத்திரையை (அசன்ரா, டெசிராக்ஸ் போன்றவை) வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு குடிக்க வேண்டும். சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி இருக்கும், அடியில் தங்குவதையும் திரும்பத் தண்ணீர் ஊற்றிக் கலக்கிக் குடிக்க வைக்க வேண்டும், குமட்டல் வேறு. விழுங்குகிற வகையை லேசான சாப்பாட்டோடும் கொடுக்கலாம். என் மகளுக்கு இதுதான் ஒத்துப்போனது.

ஆனால் மி.கி. கணக்கு இரண்டுக்கும் வேறு. கரைக்கிற 500க்கு ஈடு விழுங்குகிற 360. ஒருமுறை மருந்துக்கடையில் 360 இல்லை என்று, அளவே பார்க்காமல் "ரெண்டும் ஒரே மருந்துதான் மேடம், எண்ணிக்கை மாத்த வேண்டாம்" என்று மற்ற வகையை நீட்டினார்கள். வாங்காமல் வந்துவிட்டேன். பெயர் ஒன்றாக இருந்தாலும் அட்டையைத் திருப்பி எண்ணைப் பாருங்கள், தயவுசெய்து.

இந்த மருந்தில் சிறுநீரகமும் கல்லீரலும் கவனத்தில் இருக்க வேண்டும். மாதாமாதம் கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை), கல்லீரல் பரிசோதனை, வருஷத்துக்கு ஒருமுறை கண்ணும் காதும். வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் என்று பிள்ளைக்கு நீர்ச்சத்து குறைகிற நாளில் மாத்திரையை நிறுத்தி வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். இதை எங்களிடம் ஆரம்பத்தில் யாரும் சொல்லவில்லை என்பதில் எனக்கு இன்னும் வருத்தம்.

நிரந்தரத் தீர்வு கேட்பவர்களுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று இருக்கிறது. கூடப்பிறந்தவர்களின் ஹெச்.எல்.ஏ. (மஜ்ஜை ஒத்துப்போகுமா என்று காட்டும் திசு அடையாளம்) பொருந்த ஒவ்வொருவருக்கும் 25 சதவீத வாய்ப்பு. கோல் இந்தியா என்ற அரசு நிலக்கரி நிறுவனத்தின் தலசீமியா பால் சேவா யோஜனா திட்டம் 10 லட்சம் ரூபாய் வரை தருகிறது, வேலூர் சி.எம்.சி.யும் அதற்கான மருத்துவமனைப் பட்டியலில் இருக்கிறது. கல்லீரல் கெடாத சின்ன வயதில் செய்தால் பலன் கூடுதல். அதனால் தம்பி தங்கை இருந்தால் ஹெச்.எல்.ஏ. பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். என் மகளுக்குப் பொருத்தம் கிடைக்கவில்லை, ஆகவே மாத்திரை தொடர்கிறது. அடுத்த ஸ்கேனில் இதய எண் இறங்கினால் பம்ப்பையும் சேர்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அவளும் சரி என்றிருக்கிறாள்.