பாம்பு, தவளை இனங்களை அறிய உதவும் தளங்கள்: ஆறாண்டு அனுபவம்

உயிரினப் படங்களை ஏற்றி இனம் அறிய உதவும் ஐநேச்சுரலிஸ்ட் தளம், ஊர்வனவற்றுக்கான ரெப்டைல் டேட்டாபேஸ், தவளை முதலிய இருவாழ்விகளுக்கான ஆம்ஃபிபியாவெப் என்ற இரு தரவுத்தளங்கள், அச்சிட்ட களக் கையேடு ஒன்று ஆகிய நான்கையும் ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இவற்றுள் நான் மிகுதியாக நாடுவது ஐநேச்சுரலிஸ்ட். படத்தை ஏற்றியவுடன் வரும் தானியங்கிப் பரிந்துரையைவிட, அதன்பின் மற்றப் பயனர்கள் தரும் கருத்துகளே அதன் உண்மையான பலம். கருத்துச் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்கிற்கும் மேற்பட்டோர் ஓர் இனத்தை ஏற்கும்போதுதான் அப்பதிவு ‘ஆய்வுத் தரம்’ (ஆய்வுக்குப் பயன்படுத்தத்தக்கது என்ற தகுதி) பெறுகிறது. அழியும் நிலையிலுள்ள இனங்களின் துல்லியமான இருப்பிடத்தைத் தளமே மறைத்துவிடுவதும் எனக்குப் பிடித்த ஏற்பாடு.

தொடக்கத்தில் என் பதிவுகள் பல பெயரின்றிக் கிடந்ததற்கு நான் எடுத்த படங்களே காரணம். பாம்பின் முதுகை மட்டும் தொலைவிலிருந்து எடுத்தால் எந்த வல்லுநராலும் உறுதி சொல்ல இயலாது. நச்சுள்ள கட்டுவிரியனையும் நச்சற்ற வெள்ளிக்கோல் வரையனையும் எடுத்துக்கொள்வோம். கட்டுவிரியனின் வெண்பட்டைகள் கழுத்தை விட்டுச் சற்றுத் தள்ளியே தொடங்கும். வரையனுக்குக் கழுத்தருகிலேயே தொடங்கி, வாலை நோக்கி மங்கும். ஆயினும் பட்டைகளை மட்டும் நம்ப முடியாது. கட்டுவிரியனின் நடுமுதுகுச் செதில்கள் பெரிதாக, அறுகோண வடிவில் இருக்கும். வாலின் அடிச்செதில்கள் பிளவுபடாதவை. வரையனுக்கு அவை இரண்டாகப் பிளந்திருக்கும். உயிருள்ள பாம்பிடம் இதைச் சரிபார்க்க நெருங்குவது அறிவீனம்; கழற்றிப் போட்ட பாம்புச் சட்டை கிடைத்தால் இவ்விரண்டையும் அதிலேயே பார்க்கலாம். கடிபட்ட வேளையில் செயலியைத் திறந்து நேரம் போக்கவும் கூடாது, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கையேட்டில் அறிவியல் பெயர்கள் பழசாகிவிடுகின்றன. பூஃபோ மெலனோஸ்டிக்டஸ் என்று அதில் கண்ட தேரையை இணையத்தில் தேடிக் குழம்பிய எனக்கு, 2006-க்குப் பின் அது டட்டாஃப்ரைனஸ் மெலனோஸ்டிக்டஸ் ஆகிவிட்டதைத் தரவுத்தளம்தான் தெரிவித்தது. பழைய பெயர்களும் இணைத்தே பட்டியலிடப்படுவதால், இரண்டு தரவுத்தளங்களும் அகராதி போலப் பயன்படுகின்றன. எனினும் புதியவருக்கு அவை வறண்டவை. படம் பார்த்துப் புரட்டிப் பழக கையேட்டுக்கு ஈடில்லை, அதுவும் இணைப்பே கிடைக்காத காட்டுப் பகுதியில்.

தவளைகளில்தான் இன்னும் தடுமாறுகிறேன். ஒரே இனத்திலேயே நிறமும் வரிகளும் வெகுவாக மாறுபடுவதால், முதுகுப் படத்தோடு பின்கால் விரலிடைச் சவ்வு, கண்ணுக்குப் பின்னுள்ள செவிப்பறை ஆகியவற்றையும் படமெடுக்கிறேன். ஒன்றுபோலவே தோன்றும் சிறு தவளைகளைக் குரலே பிரித்துக் காட்டுகிறது என்பதால், இப்போது இரவில் முதலில் ஒலியைப் பதிவு செய்து ஐநேச்சுரலிஸ்டில் ஏற்றிவிடுகிறேன். தலைப்பிரட்டைகளுக்கு மட்டும் இந்த நான்கில் எதுவும் இதுவரை எனக்குக் கைகொடுக்கவில்லை. அவற்றை இனம் வரை போகாமல், நெருங்கிய இனங்களின் தொகுதியான பேரினத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.