ஓடிஜி ஓவனைச் சுத்தம் செய்ய ஆப்ப சோடா போதுமா?

கேக், பன், பன்னீர் டிக்கா, மசாலா தடவிய கோழி என்று அடிக்கடி சூடேறும் மேசை ஓடிஜி (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த சிறு மின்அடுப்பு) ஓவனுக்கு, மளிகைக் கடை ஆப்ப சோடாவைவிடப் பொருத்தமான சுத்தப்படுத்தும் பொருளை நான் இதுவரை பயன்படுத்தியதில்லை. அது உடனடியாக வேலை செய்யாது. ஓர் இரவு ஊறவிட வேண்டும். அந்தப் பொறுமை இருப்பவர்கள், பல நூறு ரூபாய் கொடுத்து ஸ்ப்ரே வாங்க வேண்டியதே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

ஓவனுக்கென்றே விற்கப்படும் ஸ்ப்ரேக்கள் பலவற்றில் இருப்பது காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு. கருகிய கொழுப்பைச் சோப்பாக மாற்றிக் கரைத்துவிடும் அதன் வலிமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதே வலிமைதான் தோலையும் கண்ணையும் புண்ணாக்குகிறது. சன்னல் சிறிதாக உள்ள சமையலறையில் அதை அடித்தால் மூக்கும் தொண்டையும் எரிகின்றன. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இத்தகைய ஸ்ப்ரேக்கள் பெரும்பாலும் எனாமல் பூசிய பெரிய ஓவன்களுக்கு ஏற்றவை. நம் வீடுகளில் உள்ள பல ஓடிஜிகளின் உட்சுவரோ, அலுமினியம் அல்லது துத்தநாகம் பூசிய மெல்லிய இரும்புத் தகடு. இவ்விரு உலோகங்களையும் காஸ்டிக் சோடா அரித்துவிடும். பூச்சு போன இடத்தில் துரு பிடிக்கத் தொடங்கினால் அதன் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஆப்ப சோடாவின் காரத்தன்மை மிகக் குறைவு. கரைசலின் பிஹெச் அளவு 8-ஐச் சற்றே தாண்டும். அதன் நுண்ணிய துகள்கள் பிசுக்கைத் தேய்த்தெடுக்கின்றனவே தவிர, தகட்டையோ கண்ணாடியையோ எளிதில் கீறுவதில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஓவன் முழுவதும் ஆறிய பின், கம்பி வலையையும் அடியில் உள்ள துகள் தட்டையும் வெளியே எடுத்துவிட வேண்டும். மூன்று பங்கு சோடாவுக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்து, சுவரில் பூசினால் வழியாத அளவுக்குக் கெட்டிச் சட்னி பதத்தில் குழைத்துக்கொண்டு, ஹீட்டர் ராடுகளிலும் அவை சுவருக்குள் நுழையும் முனைகளிலும் படாமல் தடவ வேண்டும். ராடின் உள்ளே இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு தூள் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் புகுந்தால் மின்கசிவு ஏற்படலாம். ராடில் தெறித்த எண்ணெய் அடுத்தடுத்த சூட்டில் தானாகவே எரிந்து போய்விடும் என்பதால், அதைத் தொடாமல் விடுவதே நல்லது.

காலையில் பார்த்தால், பிசுக்கு அதிகமாக இருந்த இடங்களில் வெள்ளைப் பூச்சு காப்பி நிறத்துக்கு மாறியிருக்கும். கதவுக் கண்ணாடியின் கீழ் விளிம்பில், கோழியின் கொழுப்பு வழிந்து தேன் நிறத்தில் இறுகிய படலம் இருக்கிறதே, அதில்தான் சோடாவின் அருமை தெரியும்: காலாவதியான ஏடிஎம் கார்டின் ஓரத்தால் தள்ளினாலே அது சுருண்டுகொண்டு வந்துவிடுகிறது. இரும்பு நார் மட்டும் வேண்டாம். உதிரும் இழைகள் மின் இணைப்புகளின் மேல் விழுந்தால் ஆபத்து. பிறகு நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால், வெண்படலம் மறையும் வரை பலமுறை துடைக்க வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் அரைகுறையாக விட்டால் எஞ்சிய சோடா அடுத்த சூட்டில் வெள்ளைத் திட்டாக இறுகிவிடும். கதவைத் திறந்து வைத்து நன்றாக உலர்ந்த பின்பே மின்சாரம் கொடுக்கலாம்.

சோடாவின் மேல் வினிகரை ஊற்றி நுரைக்க வைப்பதைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். அந்த நுரை வெறும் கரியமில வாயு; அமிலமும் காரமும் ஒன்றையொன்று சமன்செய்து, வேலைக்கு உதவாத உப்புநீரே பெரும்பாலும் மிஞ்சுகிறது. கடைசியாகத் தங்கிய வெண்மையைத் துடைக்க, துணியில் சில துளி வினிகர் போதும். ஆனால் பிளீச்சிங் திரவம் பட்ட இடத்தில் வினிகரைச் சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு வெளிவரும்.

அலுமினியக் கேக் அச்சுகளையும் தட்டுகளையும் சோடாவில் ஊறவைத்தால் கறுத்துவிடும்; அலுமினியம் பூசிய உட்சுவரின் நிறமும் சற்று மங்கலாம். அவற்றுக்கும் கம்பி வலைக்கும் வெந்நீரும் பாத்திரம் துலக்கும் திரவமும் போதுமானவை.

குறை என்று சொல்ல வேண்டுமானால், பல ஆண்டுகளாகச் சூடேறிச் சூடேறி முழுக் கரியாகவே மாறிவிட்ட கறைகள் சோடாவுக்கு அசைவதில்லை. இரண்டாம் முறை பூசினால் ஓரளவு மங்கும், அவ்வளவுதான். அந்தக் கறை உணவில் உதிராதவரை அப்படியே விட்டுவிடலாம் என்பேன். கன்வெக்ஷன் மைக்ரோவேவுக்கு இந்தப் பூச்சு முறை ஒத்துவராது. அதன் துவாரங்களிலும் மைக்கா தகட்டிலும் சோடா ஏறினால் எடுப்பது கடினம். ஒரு கிண்ணத்தில் எலுமிச்சைத் துண்டு போட்ட தண்ணீரைச் சூடாக்கி, ஆவி படிந்ததும் துடைத்தால் அதற்குப் போதும்.

ஒரு முறைக்கு ஏறத்தாழ 100 கிராம் சோடா செலவாகும். உதிரியாக வாங்கினால் சில பத்து ரூபாய்க்குள் முடிந்துவிடும். வாங்கும்போது பேக்கிங் பவுடரை எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதில் சோடாவுடன் அமிலமும் சோள மாவும் கலந்திருப்பதால் தண்ணீர் பட்டதுமே நுரைத்து வீரியம் இழந்துவிடும்.