கசிந்தால் எரியாது, எரிந்தால் கசியாது: வேப் கடையில் 133 பவுண் விட்ட கதை

சிகரெட் பழக்கம் இல்லாத ஒருவர் இதைப் படித்துவிட்டு வேப் (மின் சிகரெட்) பக்கம் போகவேண்டாம். நிக்கொற்றின் நிக்கொற்றின்தான், பிடித்தால் விடாது. நான் பதினெட்டு வருடம் சிகரெட் பிடித்து, அதை விட முடியாமல் வேப்புக்கு வந்தவன். இருப்பது லண்டனில். இங்கே இது சட்டப்படி விற்கிற சாமான். இந்தியாவில் 2019 முதல் விற்பனையே தடை, சிங்கப்பூரில் கையில் வைத்திருந்தாலே குற்றம். ஆகவே விடுமுறைக்குப் போகிறவர்கள் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பாவித்து எறியும் வேப்புகளை 2025 ஜூன் 1 முதல் பிரித்தானியாவில் விற்கக் கூடாது என்று வந்தது. நான் அதுவரை அவற்றைத்தான் பாவித்தேன். வீட்டுக்குக் கிட்ட உள்ள கடையில் போய், "இனி என்ன செய்யிறது?" என்று கேட்டேன். கடையில் நின்றவர் நம்முடைய ஆள், என்னைவிடப் பத்து வயது இளமை. "அண்ணை, ஒருக்கா வாங்கினால் காணும், வாழ்நாள் சாமான்" என்று கண்ணாடி அலுமாரியிலிருந்து ஓர் அற்றோமைசரை, அதாவது திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் பாகத்தை, எடுத்து வைத்தார். சூடாகும் கம்பிச் சுருளான கொயிலை நாமே சுற்றி, திரவத்தை உறிஞ்சும் பஞ்சை நாமே போட்டுக்கொள்ளும் வகை. சுவையும் ஆவியும் இதுக்குக் கிட்ட வேறொன்றும் வராது என்றார். அது பொய்யில்லை, ஒழுங்காகக் கட்டினால் உண்மைதான். ஆனால் நேற்றுவரை பொத்தான்கூட இல்லாத ஒன்றை உறிஞ்சிக்கொண்டிருந்தவனுக்கு, ஆயத்தக் கொயில் போடும் பதினைந்து பவுண் சாமானே போதும் என்று ஒரு நேர்மையான கடைக்காரர் சொல்லியிருப்பார். தமிழிலே கதைக்கிறாரே என்ற ஒரே காரணத்துக்காக நான் தலையாட்டினேன்.

அற்றோமைசர் 55 பவுண். அதற்கு "செற்றிங்" என்று 20. கொயில் சுற்றும் கந்தால் கம்பிச் சுருள் 9, பஞ்சு 5. பெட்டியை அவரே கடையில் உடைத்து, கொயில் சுற்றி, பஞ்சு போட்டு, மச்சான் தந்த பழைய மொட்டில் (பற்றரியும் திரையும் உள்ள அடிப்பாகம்) பூட்டித் தந்தார். பெட்டியை உடைத்தது அவர் என்பதை நினைவில் வைத்திருங்கள்.

முதல் நாள் பரவாயில்லை, இயந்திர எண்ணெய் மணம் லேசாக அடித்தது. இரண்டாம் நாள் தொடர்ந்து நாலு இழுவை இழுத்தால் ஐந்தாவது தொண்டையில் கயிறு எரிந்த மாதிரி வந்தது. திரும்பக் கொண்டுபோனேன். "வாற்றைக் கூட்டிப் போட்டிட்டீங்கள் அண்ணை" என்றார். குறைத்தேன். அப்போதும் எரிந்தது. ஆறாம் நாள், "உங்கட திரவம் சரியில்லை, தடிப்பானதாய் எடுங்கோ" என்றார். தடிப்பான திரவம் பஞ்சில் இன்னும் மெதுவாகத்தான் ஏறும், அதாவது எரிவதை அது கூட்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. நல்லவேளை, கையில் இருந்த போத்தல் முடியட்டும் என்று வாங்காமல் வந்துவிட்டேன்.

பதின்மூன்றாம் நாள் இரண்டாவது "செற்றிங்", மறுபடி 20. கூடவே காற்று வழிக்கு ஒரு சின்னச் செருகு 18, சுவை கூடுமாம். அடிக்கடி திறக்கத் தேவையில்லாமல் 5 மில்லிலீற்றர் பிடிக்கும் வயிறு பெருத்த கண்ணாடி 6. இங்கே விற்கும் வேப் தொட்டி 2 மில்லிலீற்றருக்கு மேல் பிடிக்கக் கூடாது என்பது 2016 முதல் உள்ள விதி. அதுவும் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அன்றைக்கு எரியும் சுவை போய்விட்டது, மெய்தான். ஆனால் அடுத்த நாள் காலை காற்சட்டைப் பை நனைந்திருந்தது. காற்றுத் துவாரம் வழியாகத் திரவம் வடிந்து மொட்டின் தலை முழுவதும் பிசுபிசுப்பு. திரையில் ஓம் அளவு (கொயிலின் மின்தடை) 0.43, பிறகு 0.58, பிறகு "அற்றோமைசரைப் பார்" என்று எச்சரிக்கை. போன் எடுத்தேன். "எல்லாருக்கும் இப்பிடித்தான் துள்ளும் அண்ணை. உங்களுக்குப் பஞ்சு போடத் தெரியேல்லை, அதுதான்." பஞ்சு போட்டது அவர். அதற்குக் காசும் வாங்கினவர்.

இருபத்திரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. எனக்குத் தம்பி முறையான ஒருவன், தொழில் எலக்ட்ரீசியன், வீட்டுக்கு வந்தான். அவனும் சில வருடமாகக் கொயில் கட்டுகிறவன். குசினி மேசையில் தேத்தண்ணிக் கோப்பைகளைத் தள்ளிவைத்துவிட்டுச் சாமானைக் கழற்றினான். முதல் செற்றிங்கில் போட்ட பழைய பஞ்சை நான் ஒரு பையில் வைத்திருந்தேன் (எறியச் சோம்பலில் வைத்தது, புத்தியில் அல்ல). அதைப் பார்த்துச் சிரித்தான். கொயிலுக்கு வெளியே தொங்கும் பஞ்சுக் கால்களின் நுனி ஈரத்தில் மஞ்சளாகி, அதற்கு மேலே அரை அங்குலம் காய்ந்து வெள்ளையாக, கொயிலுக்குள் இருந்த நடுப்பகுதி கறுத்து. கால்கள் இரண்டும் அமுக்கி அமுக்கிக் கட்டையாகியிருந்தன. விளக்கு மூக்கில் திரியை இறுக்கித் திணித்தால் எண்ணெய் ஏறாமல் திரிதான் கருகும். அதே விசயம்.

"இப்பிடி ஏன் திணிச்சவன் எண்டு தெரியுமே அண்ணை? கசிவை மறைக்க."

தொட்டிக்குள்ளே இருக்கும் திரவம் கீழே கொட்டாமல் நிற்பது உள்ளே இருக்கும் காற்று அழுத்தக் குறைவால். பஞ்சு ஒரு சொட்டு குடித்தால் அந்த இடத்துக்கு ஒரு குமிழி காற்று உள்ளே போகும், அவ்வளவுதான் நடக்கவேண்டும். மேலே மூடியில் உள்ள றப்பர் வளையம் சரியாக அடைக்காவிட்டால் காற்று மேலிருந்தே உள்ளே வரும், திரவம் கீழே வழிந்துவிடும். அப்போது செய்யக்கூடிய கள்ள வேலை, கீழே திரவம் வரும் வாய்க்கால்களைப் பஞ்சால் அடைத்துவிடுவது. கசிவு நிற்கும், ஆனால் கொயிலுக்குத் திரவம் போகாமல் எரியும். எரிகிறதே என்று வாடிக்கையாளர் வந்தால் பஞ்சை மெலிதாக்கு, எரிவது நிற்கும், கசியும். கசிகிறதே என்று வந்தால் மறுபடி அடை. ஒவ்வொரு தடவையும் 20 பவுண். நான் இரண்டு தடவையோடு நிறுத்திவிட்டேன்.

தம்பி புதிதாகப் பஞ்சு போட்டு, நிரப்பி, வெள்ளை ரிசுத் தாள் ஒன்றின்மேல் நிற்கவைத்தான். மூன்று நிமிடத்தில் அடியைச் சுற்றி மஞ்சள் வட்டம். மேல் மூடியின் வளையத்தைப் பல்லுக்குச்சியால் கிளப்பி வெளிச்சத்தில் பிடித்தான். ஒரு பக்கத்தில் நகத்தால் கிள்ளின அளவுக்கு வெட்டு. "பெட்டியோட உதிரிப் பை வந்திருக்குமே, எங்கை?" என்று கேட்டான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உதிரி வளையமும் ஸ்குரூவும் உள்ள ஒரு சின்னப் பை இப்படியான சாமான்களோடு வரும். என்னுடைய பெட்டியில் இல்லை. உடைத்தவரிடம்தான் கேட்கவேண்டும். தன்னிடமிருந்த அதே அளவு வளையத்தைப் போட்டான். பத்து நிமிடம் கழித்தும் ரிசு வெள்ளையாகவே இருந்தது.

ஓம் துள்ளுவதற்குக் காரணம் வேறு. கம்பியின் காலை இறுக்கும் ஸ்குரூ ஒன்றைத் திருப்பத் திருப்பச் சுற்றிக்கொண்டே போனது. மரை தேய்ந்துவிட்டது. கம்பி சும்மா தொட்டுக்கொண்டிருக்கிறது, பிடிக்கப்படவில்லை. இதை எந்தப் பஞ்சாலும் திருத்த முடியாது.

கம்பிச் சுருளைக் கடைசியாகத்தான் பார்த்தோம், அதுவும் தற்செயலாக. லேபலில் "கந்தால் ஏ1, 26 கேஜ்". 26 கேஜ் என்றால் 0.4 மில்லிமீற்றர் தடிப்பு, கந்தாலில் மீற்றருக்குச் சுமார் 11.5 ஓம். அந்தக் கம்பியைத் தம்பி 3 மில்லிமீற்றர் தண்டில் ஆறு சுற்றுச் சுற்றித் தன்னுடைய அற்றோமைசரில் பூட்டினான். கால்களோடு ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர் கம்பி. 0.8 ஓமுக்கு மேல் காட்டவேண்டும். காட்டியது 0.43, துள்ளாமல். தடிப்பைக் கலிப்பரால் அளந்தான், 0.4 சரி. பிறகு எழுந்துபோய் பிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துவந்தான். கந்தால் இரும்பு, குரோமியம், அலுமினியக் கலவை, காந்தத்தில் ஒட்டும். தன்னுடைய சுருளிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கிட்டக் கொண்டுபோனான், துள்ளிப்போய் ஒட்டியது. என்னுடைய சுருளின் துண்டு மேசையில் கிடந்தபடியே கிடந்தது.

"இது கந்தால் இல்லை அண்ணை."

கணக்குக்கு ஒத்துப்போவது 316 வகை எவர்சில்வர் கம்பிதான். அது கெட்ட கம்பி அல்ல, பலர் விரும்பியே வாங்குவார்கள். என் மொட்டில் வாற்றை மின்சுற்று கட்டுப்படுத்துவதால் எனக்கு ஆபத்து ஒன்றும் வரவில்லை, சுவைகூடப் பெரிதாக மாறியிராது. ஆனால் மின்சுற்றே இல்லாமல் பற்றரியை நேரே கொயிலோடு தொடுக்கும் மெக்கானிக்கல் மொட்காரர் ஒருவர் இந்த லேபலை நம்பினால்? நிரம்பிய பற்றரி 4.2 வோல்ற். 0.83 ஓமில் 5 அம்பியர், 0.43 ஓமில் ஏறக்குறைய 10. இரட்டைக் கொயில் போட்டால் 20. பழைய பற்றரிக்கு, அல்லது மேலுறை மாற்றி விற்கிற போலிப் பற்றரிக்கு, அது விளையாட்டு அல்ல. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு விசயத்துக்காகத்தான். புதுச் சுருள் வாங்கினால் ஓம் அளவாமல் பற்றரியில் வைக்காதீர்கள், காந்தத்தையும் ஒருமுறை காட்டிப் பாருங்கள்.

அன்று மாலை முழுக்கத் தம்பி தன்னுடைய அற்றோமைசரை வைத்து எனக்குக் கட்டக் காட்டித் தந்தான். புதிதாக வாங்கியதை எல்லாப் பாகமும் கழற்றிச் சுடுதண்ணீரிலும் பாத்திரம் கழுவும் சோப்பிலும் கழுவி உலர்த்தவேண்டும், அந்த எண்ணெய் மணம் அதோடு போய்விடும். கொயில் காற்றுத் துவாரத்துக்கு நேர் மேலே, எந்தச் சுவரிலும் முட்டாமல் நிற்கவேண்டும். பஞ்சு போடுமுன் 10, 15 வாற்றில் நிறுத்தி நிறுத்தி அழுத்தினால் கம்பி நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே சீராகச் சிவக்கவேண்டும். ஒரு சுற்று மட்டும் முந்திச் சிவந்தால் செரமிக் கவ்வியால் லேசாக நெருக்கித் தடவிவிடவேண்டும். பஞ்சை இழுக்கும்போது கொஞ்சம் பிடிக்கவேண்டும், ஆனால் கொயில் வளையக் கூடாது. கால்களை வெட்டியபின் நுனியைச் சீப்பால் வாருவதுபோல் இழுத்துப் பாதிப் பஞ்சை எடுத்துவிட்டு, வாய்க்காலில் திணிக்காமல் சும்மா உட்கார வைக்கவேண்டும். இந்த வாரும் வேலையில்தான் முழு வித்தையும் இருக்கிறது. எனக்கு நாலாவது தடவைதான் கைவந்தது. பிறகு பஞ்சை நன்றாக நனைத்து, நிரப்பி, ஐந்து பத்து நிமிடம் விட்டுக் குறைந்த வாற்றில் தொடங்கவேண்டும். மேல் மூடி திறக்குமுன் காற்று வழியை மூடுவதை மறந்தால் நல்ல சாமானும் ஒழுகும்.

இருபத்துநாலாம் நாள் கடைக்குப் போனேன். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள பொருளை முதல் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுக்காசையும் கேட்கலாம். "திறந்த சாமான், வாய் வைச்ச சாமான், எடுக்க மாட்டம்" என்றார். குறையுள்ள பொருளுக்கு அந்தச் சாட்டு செல்லாது. பிறகு, "காசுக்குப் பதிலாய்க் கடையிலை வேற சாமான் எடுங்கோ" என்றார். அதற்கும் நாம் சம்மதிக்கத் தேவையில்லை. நான் அங்கே சத்தம் போடவில்லை. வீட்டுக்கு வந்து, வெட்டுப்பட்ட வளையம், தேய்ந்த மரை, ஓம் காட்டும் திரை எல்லாவற்றையும் படமெடுத்து, திகதிகளோடு மின்னஞ்சல் அனுப்பினேன். இலவச ஆலோசனை அமைப்பான சிற்றிசன்ஸ் அட்வைஸின் நுகர்வோர் இலக்கத்துக்கும் அழைத்துக் கம்பி விசயத்தையும் 5 மில்லிலீற்றர் கண்ணாடியையும் சொன்னேன். அவர்கள் அதை வியாபார விதிகளைக் கண்காணிக்கும் ட்ரேடிங் ஸ்ராண்டர்ட்ஸுக்கு அனுப்புவார்கள்.

கிரெடிட் கார்டில் கட்டினால் கார்ட் நிறுவனமும் பொறுப்பு என்று சிலர் சொல்வார்கள். அது ஒரு பொருளின் விலை 100 பவுணைத் தாண்டினால்தான். இரண்டு பில்லின் கூட்டுத்தொகை 133 என்பது கணக்கில் வராது. எனக்கு மிஞ்சியிருந்தது வங்கியிடம் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய காசைத் திருப்பி எடுத்துத் தருவது) கேட்பது மட்டும். அது சட்ட உரிமை அல்ல, கார்ட் நிறுவனங்களின் ஒரு நடைமுறை. அதுவரை போகவேண்டி வரவில்லை. ஒன்பது நாள் கழித்து அற்றோமைசர், செருகு, கண்ணாடி மூன்றுக்கும் 79 பவுண் கார்டுக்குத் திரும்பி வந்தது. மன்னிப்பு ஒரு சொல் இல்லை.

பஞ்சுக்காசு 5 போகட்டும், பாவித்துவிட்டேன். கம்பிச் சுருளைத் திருப்பிக் கொடுக்கவில்லை, யாராவது கேட்டால் காட்டத் தேவைப்படும் என்று அலுமாரியில் வைத்திருக்கிறேன். மிச்சம் இரண்டு செற்றிங்குக்கும் கொடுத்த 40. சேவையையும் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யவேண்டும் என்று அதே சட்டம் சொல்வதைக் காட்டி இரண்டாவது மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். போன கிழமை அந்தக் கடை வழியாகப் போனபோது, கண்ணாடியில் "செற்றிங்" என்று ஒட்டியிருந்த தாளில் 20ஐ வெட்டி 25 என்று எழுதியிருந்தார்கள்.