கூலி வேண்டாம், விறகு போதும் என்று வருகிறவர்களிடம் கவனம்

சேலத்தில் அப்பா வீட்டுக் கொல்லையில் நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த மல்கோவா மரம். ஒரு கிளை மாடிச் சுவரை உரசியது, உள்ளே கொஞ்சம் காய்ந்த குச்சிகள், அவ்வளவுதான் பிரச்சினை. போன அக்டோபரில் ரம்பத்தோடு தெருவில் வந்த ஒருவர், "கூலியே வேண்டாங்க ஐயா, வெறகை மட்டும் எடுத்துக்கறோம். மழைக்கு முன்னாடி கவாத்து பண்ணுனா நல்லா காய்க்குங்க" என்றிருக்கிறார். எதை எதை வெட்ட வேண்டும் என்று அப்பா கைநீட்டிக் காட்டிவிட்டு ரேஷன் கடைக்குப் போனார். திரும்பி வந்தால் தொடைப் பருமன் கிளைகள் எல்லாம் வண்டியில் ஏறிவிட்டன. நின்றது மொட்டைக் கட்டைகள். கூடவே 'மருந்துக்கு' 800 ரூபாய். மருந்து என்று பூசியது தார்!

விறகுதான் கூலி என்றால் ரம்பம் பருத்த கிளைக்குத்தான் போகும். கவாத்தில் எடுக்க வேண்டிய காய்ந்தது, நோய் பிடித்தது, ஒன்றோடொன்று உரசுவது எதற்கும் விறகுக்கடையில் பெரிய விலை கிடையாது.

வெட்டியவரைப் போனில் கேட்டதற்கு, "கிழட்டு மரத்தை இப்படித்தானுங்க புதுப்பிப்பாங்க" என்றார். அப்படி ஒரு முறை தோட்டக்கலையில் உண்டுதான். ஆனால் அது காய்ப்பு ஓய்ந்த மரத்துக்கு. செய்தால் மறுபடி காய்க்க இரண்டு மூன்று வருஷமாவது ஆகும். காலமும் தப்பு. மாமரம் முற்றிய நுனிக்கொம்பில்தான் பூக்கும். டிசம்பரில் பூ தொடங்குகிற மரத்தை அக்டோபரில் வெட்டினால், புதுத்தளிர் எப்போது முற்றுவது? அறுவடை முடிந்த கையோடு, ஜூலை, ஆகஸ்டில் செய்கிற வேலை இது. இந்த வருஷம் ஒரு பிஞ்சுகூட இல்லை. முருங்கையை மொட்டையடிப்பதுபோல் மாவை அடிக்க முடியாது.

வெட்டிய விதம் இன்னும் மோசம். பெரிய கிளையை மேலிருந்து ஒரே மூச்சாக அறுத்ததில், அது பாரம் தாங்காமல் சாய்ந்து அடிமரத்துப் பட்டையையும் முழ நீளத்துக்கு உரித்துக்கொண்டு விழுந்திருக்கிறது. முதலில் ஓரடி தள்ளி அடிப்பக்கமாகக் கொஞ்சம் அறுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்க வேண்டும். மிச்சக் கட்டையைக் கிளை தொடங்கும் இடத்திலுள்ள புடைப்பை ஒட்டி, அதற்கு வெளியே எடுக்க வேண்டும். காயத்தை மூடுவது அந்தப் புடைப்புதான். சில இடங்களில் அதையும் வழித்துவிட்டார். சில இடங்களில் முழங்கை நீளக் கட்டை துருத்திக்கொண்டு நிற்கிறது. தார் அழுகலைத் தடுக்காது. போர்டோ பசைதான் பூச வேண்டும்: மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். இரும்பு வாளி கூடாது, பிளாஸ்டிக்கில் கரையுங்கள்.

இப்போது கட்டைகளின் நுனியில் துடைப்பம்போல் தளிர்க்கூட்டம். மேல்பட்டையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பதால் பலத்த காற்றுக்கு முறியும். வெளிப்பக்கம் பார்த்த மூன்று நான்கை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிக்கொண்டிருக்கிறோம். நிழல் போனதால் பட்டை வெடிக்காமலிருக்க அடிமரத்துக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. ஒரு கட்டையில் மரத்தூள் கொட்டுகிறது, தண்டு துளைப்பான் புழு வந்துவிட்டது.

நீங்கள் ஆள் பிடிப்பதானால் கூலி பேசிக் கொடுங்கள், வெட்டும்போது கூடவே நில்லுங்கள். கிளை மின்கம்பியைத் தொட்டால் மின்வாரியத்துக்குத்தான் சொல்ல வேண்டும். கட்டை எங்களுக்கே வேண்டும் என்று முதலிலேயே சொல்லிப் பாருங்கள். அதைக் கேட்டதும் நடையைக் கட்டுகிற ஆள் என்றால், போகட்டும்.