மியூசிக் லைப்ரரிகளோடு பல வருடம்: யாரை நம்பி டிராக் கொடுக்கலாம்

சாலிகிராமத்தில் சின்ன ஸ்டுடியோ வைத்து விளம்பரம், சீரியல் பின்னணி இசை என்று செய்துகொண்டே, பல வருடங்களாக புரொடக்‌ஷன் மியூசிக் லைப்ரரிகளுக்கும் (டிவி, விளம்பரம், படம் எடுப்பவர்களுக்கு ரெடியாக உள்ள இசையை லைசென்ஸ் கொடுக்கும் நிறுவனங்கள்) டிராக் கொடுத்து வருகிறேன். புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை பர்சென்ட் தருவாங்க?" என்றுதான். வழக்கமான கணக்கு எளிது: சிங்க் கட்டணத்தில் (காட்சியோடு இசையைச் சேர்க்க லைசென்ஸ் வாங்குபவர் தரும் பணம்) பாதிக்குப் பாதி, ஒளிபரப்பு ராயல்டியில் ரைட்டர் பங்கு நமக்கு, பப்ளிஷர் பங்கு அவர்களுக்கு. நான் அதைவிட முக்கியமாகப் பார்ப்பது, பேப்பர் வேலையை எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறார்கள் என்பதை.

ஏனென்றால் டிவியில் ஓடும் இசைக்குக் காசு வருவது கியூ ஷீட்டை வைத்து. எந்த நிகழ்ச்சியில் எந்த டிராக் எத்தனை விநாடி ஓடியது, இசையமைத்தவர் யார் என்று தயாரிப்பாளர் தரப்பு எழுதிக் கொடுத்து, அது ஒளிபரப்பான நாட்டில் ராயல்டி வசூலிக்கும் சொசைட்டிக்குப் போய், அங்கிருந்து இந்தியாவில் அதே வேலையைச் செய்யும் நம் ஐபிஆர்எஸ்ஸுக்கு வந்து, அப்புறம்தான் நம் கணக்கில் விழும். ஒன்றரை, இரண்டு வருடம்கூட ஆகலாம். நடுவில் பெயரிலோ ஐபிஐ எண்ணிலோ (இசையமைத்தவரை எல்லா நாட்டு சொசைட்டிகளுக்கும் அடையாளம் காட்டும் எண்) தப்பு இருந்தால் பணம் எங்கேயோ நின்றுவிடும், அதிலும் நம் பெயர்களில் இனிஷியல் ஒரு இடத்தில் முன்னால், ஒரு இடத்தில் பின்னால் என்று இருக்கும். "ஐபிஆர்எஸ்ஸில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது?" என்று பதிவுக்கு முன்பே கேட்கிற லைப்ரரிமேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. அமெரிக்க லைப்ரரியாக இருந்தால் நாம் வெளிநாட்டவர் என்று காட்டும் டபிள்யூ-8பென் வரிப் படிவத்தையும் முதலிலேயே கேட்டு வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் ராயல்டியில் 30% வரி பிடித்துவிடுவார்கள், இந்தியாவோடு உள்ள ஒப்பந்தப்படி 15% போதும்.

நான் வேலை செய்ததில் மிகச் சிறந்த லைப்ரரிக்கு நாதஸ்வரம், தவில், பறை வைத்து ஒரு ஆல்பம் கொடுத்தேன். அவர்களுடைய எடிட்டர் போன் செய்து, எது கல்யாணத்துக்கு, எது சாமி புறப்பாட்டுக்கு, பறை எந்தெந்த இடங்களில் அடிப்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அப்புறம் மெலடி இல்லாத வெர்ஷன், 60, 30, 15 விநாடி கட், ஸ்டிங் (சில விநாடி முத்தாய்ப்பு), ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி ஸ்டெம் எல்லாம் வேண்டும் என்றார். வேலை இழுத்தது, ஆனால் இன்றைக்கும் அந்த டிராக்குகள் சம்பாதிக்கின்றன. அதே மாதிரி இசையை வாங்கிய இன்னொரு லைப்ரரி மொத்தத்தையும் "பாலிவுட்" என்ற டேகில் போட்டுவிட்டது. பறைச் சத்தம் தேடுகிற ஆவணப்பட எடிட்டர் அதை எங்கே போய்க் கண்டுபிடிப்பார்? இசையைக் கேட்காமலே டேக் போடுகிறவர்களிடம் அடுத்த ஆல்பம் கொடுக்க எனக்கு மனம் வராது.

டிராக்கை ஒரே லைப்ரரிக்கு மட்டும் தருகிற எக்ஸ்க்ளூசிவ் ஒப்பந்தத்தில் நிஜமான வலி வேறு. ஒரு லைப்ரரி நிரந்தர உரிமை எழுதி வாங்கி, டிராக்கை வெளியிடவே இல்லை, மெயிலுக்கும் பதில் கிடையாது. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 19வது பிரிவில், வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதி, காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று இருக்கிறது. ஆனால் முதல் பாதுகாப்பை ஒப்பந்தத்திலேயே எழுதி விலக்கிவிடலாம், காலமும் இடமும் "என்றென்றும், உலகம் முழுவதும்" என்று முன்பே அச்சடித்திருக்கும். அதனால் இத்தனை வருடத்தில் வெளியிடாவிட்டால், அல்லது விற்காவிட்டால், உரிமை எனக்கே திரும்ப வேண்டும் என்ற வரி இல்லாமல் இப்போது கையெழுத்துப் போடுவதில்லை. அதைக் கேட்டதும் முகம் மாறுகிறவர்களோடு பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

நான்-எக்ஸ்க்ளூசிவ் லைப்ரரிகளுக்குப் பழைய, மீந்த டிராக்குகளை மட்டும் தருகிறேன். ஒரே டிராக் பல இடத்தில் இருக்கும்போது யாராவது ஒருவர் அதை யூடியூப் கன்டென்ட் ஐடியில் (வீடியோக்களில் உள்ள இசையைத் தானாகக் கண்டுபிடிக்கும் அமைப்பு) ஏற்றிவிட்டால், மற்ற இடத்தில் முறையாக லைசென்ஸ் வாங்கியவர் வீடியோவுக்கு பதிப்புரிமை கிளெய்ம் வரும், அவர் திட்டுவது நம்மைத்தான்.

புது லைப்ரரி என்றால் முதலில் ஒரே ஒரு ஆல்பம். ராயல்டி அறிக்கை சொன்ன தேதிக்கு வருகிறதா, கேள்வி கேட்டால் பெயர் போட்டு ஒரு ஆள் பதில் சொல்கிறாரா என்று இரண்டு வருடமாவது பார்த்துவிட்டுத்தான் அடுத்தது.