வளவுப் பூனையும் மாடிவீட்டுப் பூனையும்: ஒரு வயிற்றுக் குட்டிகள், இரண்டு வளர்ப்பு

பள்ளத்தூரில் எங்கள் பழைய வீட்டின் பின்பகுதியான மூன்றாங்கட்டில், விறகு அடுக்கியிருந்த மூலையில், ஒரு பூனை மூன்று குட்டி போட்டது. ஒன்றைப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கறுப்பும் வெள்ளையுமான பெட்டை அப்பத்தாவிடமே தங்கிவிட்டது. அதன் பெயர் உளுந்து. செம்பட்டைக் கடுவனை நான் காரைக்குடிக்குத் தூக்கி வந்தேன், மாடியில் இரண்டு அறை உள்ள வாடகை வீட்டுக்கு. கந்தரப்பத்தின் நிறம் என்பதால் அது அப்பம்.

உளுந்து வளர்வது இந்தத் தெருவில் தலையும் அடுத்த தெருவில் வாலுமாகக் கிடக்கும் வளவு வீட்டில் (நடு முற்றமும் அதைச் சுற்றிய இடமும்தான் வளவு), அப்பத்தாவின் கைப்பழக்கப்படி. அப்பம் வளர்வது பூட்டிய கதவுக்குள், கடையில் விற்கும் சாமான்களோடும் டாக்டர் சொன்ன அறிவுரைகளோடும். ஏழு மாதமாக வாராவாரம் போய் வந்து இரண்டையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் தடவை குட்டி எடுக்கும் நண்பர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: விட்டு வளர்க்கலாமா, அடைத்து வளர்க்கணுமா? ஒரே சொல்லில் இதற்குப் பதில் கிடையாது. சில விஷயத்தில் நான் சரி, சில விஷயத்தில் அப்பத்தா சரி. ஒரு விஷயத்தில் இருவருமே தப்பு.

குட்டி எது என்ற கேள்வியை முதலில் முடித்துவிடலாம். பெர்சியன் வேண்டும் என்பவர்களுக்குச் சித்திரை மாத மதியத்தில் எங்கள் ஊருக்கு வந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்பேன். அந்த முடியைத் தினமும் சீவ வேண்டும், விட்டால் சடை பிடிக்கும். தட்டை மூக்கால் மூச்சுக்கும் சிரமம், கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருக்கும். பரம்பரைச் சிறுநீரகக் கட்டி நோயும் அந்த இனத்தில் அதிகம். நாட்டுக் குட்டி போதும், காசும் மிச்சம்.

கடி: இங்கே தாய்ப்பூனைக்குத்தான் வெற்றி

அப்பத்தை நான் பத்து வாரத்தில் எடுத்தேன். எட்டு வாரத்துக்கு முன் எடுக்கவே கூடாது, பன்னிரண்டு வரை விட்டால் இன்னும் நல்லது. இதில் தெரிந்தேதான் இரண்டு வாரம் அவசரப்பட்டேன். உளுந்து தாயோடு தங்கியதால் தப்பாகக் கடித்தபோதெல்லாம் அறை வாங்கியது. தாய் ஒரு தட்டுத் தட்டி, சீறிவிட்டு, எழுந்து போய்விடும். விளையாட்டில் எவ்வளவு பல் வைக்கலாம் என்பது உளுந்துக்கு இப்போது மில்லிமீட்டர் கணக்கில் தெரியும்.

அப்பத்துக்குக் கிடைத்தது என் விரல்கள்தான். கட்டில் விளிம்பில் விரலை ஆட்டி ஆட்டி நானே பழக்கிவிட்டேன். அரைக் கிலோ எடையில் அது வேடிக்கை. மூன்று கிலோவில் என் முழங்கை கருவேலங்காட்டுக்குள் புகுந்து வந்தவன் கைபோல் இருந்தது. திருத்த இரண்டு மாதம் ஆயிற்று. கடித்த நொடியில் கையை அசைக்காமல் நிறுத்துவது (உதறினால் அதற்கு எலி ஓடுவதுபோல் தெரியும்), விளையாட்டை முடித்து எழுந்துவிடுவது, அடுத்த தடவை குச்சி நுனியில் கட்டிய துணியை நீட்டுவது. தாய் செய்ததும் இதைத்தான். தாயிடமிருந்து பிரித்து எடுப்பதானால் ஒன்றுக்கு இரண்டாக எடுங்கள். அவை ஒன்றையொன்று கடித்துப் பாடம் படித்துக்கொள்ளும்.

கழிப்பிடம்: முற்றத்து மண்ணா, கடை மணலா

உளுந்துக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. கிணற்றடிக்குப் பக்கத்துச் செம்மண்ணில் தாய் தோண்டியதைப் பார்த்தது, தானும் தோண்டியது. "பூனைக்கு யாருடா கக்கூஸ் கட்டிக் கொடுப்பா?" என்று அப்பத்தா சிரித்தார். ஐப்பசி வந்தது. செம்மண் சேறானது. உளுந்து காலை நனைக்க மறுத்து, இரண்டாங்கட்டில் ஆத்தங்குடிக் கல் பாவிய மூலையைத் தேர்ந்தெடுத்தது.

ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது அல்ல. கண்ணாடித் தகட்டில் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. மேலே கண்ணாடிபோல் மின்னினாலும் உள்ளே நுண்துளைகள், மூத்திரம் இறங்கிவிடும். நம் மூக்குக்கு வாடை போன பிறகும் அதன் மூக்குக்குப் போகாது, அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும். அப்பத்தா பினாயில் ஊற்றினார். அதுதான் எனக்குப் பகீரென்றது. பினாயிலில் உள்ள சரக்கைப் பூனையின் ஈரல் முறித்து வெளியேற்ற முடியாது. ஈரத்தில் நடந்து பாதத்தை நக்கினாலே விஷம். வினிகரும் வேண்டாம், அமிலம் அந்தக் கல்லை அரித்துவிடும். சோப்புத் தண்ணீரால் கழுவி, ஆப்பசோடா தூவி ஒரு இரவு விட்டுத் துடைத்தோம். பிறகு நொதி கலந்த துப்புரவுத் திரவம் வாங்கி ஊற்றினோம். இரண்டாவது வாரம் அந்த மூலையை விட்டது.

மாடியில் எனக்கு வேறு தலைவலி. முதலில் எம்-சாண்ட் கொட்டிப் பார்த்தேன், கட்டடம் நடக்கும் இடத்தில் கேட்டால் ஒரு வாளி சும்மாவே தருவார்கள். சும்மா கிடைப்பதன் லட்சணம் அன்றே தெரிந்தது. அது உடைத்த கல், மூத்திரத்தை உறிஞ்சாது. எல்லாம் அடியில் தேங்கி மூன்றாம் நாள் நாறியது. மரத்தூள் உறிஞ்சியது, ஆனால் பாதத்தில் ஒட்டி என் தலையணை வரை வந்து சேர்ந்தது. கடைசியில் கடைக்காரர்கள் 'கேட் லிட்டர்' என்று விற்கும் பென்டோனைட் களிமண்தான். (லிட்டர் என்று சொல்லிக் கிலோவில் விற்கிறார்கள். அப்பத்தா இன்னும் இதைப் பால்கணக்கு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.) ஈரம் பட்ட இடம் கட்டியாகிவிடும், கரண்டியால் அள்ளி எறியலாம். நான் வாங்கும் 5 கிலோ பை 300 ரூபாயைத் தொடுகிறது. ஒன்று மட்டும் கவனம்: மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டி எதையும் தின்று பார்க்கும், இந்த மண் வயிற்றுக்குள்ளும் கட்டியாகும். அதுவரை மர உருண்டையோ கிழித்த காகிதமோ போதும்.

தட்டு எதுவானாலும் இரண்டு அங்குல உயரம் மண், தினம் இரண்டு தடவை அள்ளுவது, சோற்றுத்தட்டிலிருந்து தூரம். பிளாஸ்டிக்கில் நகக் கீறல் விழுந்து அதற்குள் வாடை தங்கும். நான் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் பேரம் பேசி ஒரு பழைய எனாமல் தட்டு வாங்கினேன். விளிம்பு தாழ்வு, கழுவினால் பளிச். அப்பத்தாவுக்கு விஷயம் தெரிந்தபோது இரண்டு நாள் பேச்சில்லை. அந்தக் காலத்தில் அதில் பலகாரம் வைத்துச் சீர் கொண்டுபோவார்களாம்.

இந்தப் பந்தயத்தில் வெற்றி எனக்குத்தான். மழைக்காலம் முழுக்க உளுந்தும் இப்போது தட்டில்தான் போகிறது. அப்பத்தா வாங்கியது எனாமல் அல்ல, இட்லித்தட்டுக் கடையின் அலுமினியத் தாம்பாளம்.

சாப்பாடு: பால்சோறும் பாக்கெட்டும்

பூனை என்றால் பால் என்பது நம் ஊறிப்போன நம்பிக்கை. தாய்ப்பால் மறந்த குட்டிக்குப் பசும்பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் சக்தி குறைந்துகொண்டே வரும். உளுந்துக்குப் பால்சோறு வைத்த முதல் வாரம் வயிற்றுப்போக்கு. குட்டிக்கு அது சின்ன விஷயம் இல்லை, ஒரே நாளில் துவண்டுவிடும். பாலை நிறுத்தினோம், நின்றது.

அடுத்து மீன். தொண்டியிலிருந்து வரும் மீன் எங்கள் பக்கம் பஞ்சமில்லை. மீன்குழம்பில் போட்ட துண்டைக் கழுவிக் கொடுப்பார் அப்பத்தா. எங்கள் குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாத குழம்பு ஏது? இரண்டுமே பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. கழுவினால் போகாது, சாறு துண்டுக்குள் இறங்கியிருக்கும். மசாலா போடுமுன் இரண்டு துண்டைத் தனியே வேகவைத்து, முள் எடுத்து, வெந்த நீரோடு கொடுக்கச் சொன்னேன். பூனையின் இதயத்துக்கும் கண்ணுக்கும் அவசியமான டாரின் என்ற சத்து மீனிலும் இறைச்சியிலும்தான் இருக்கிறது, வேகும்போது நீரில் கரைந்துவிடும். அந்த நீரைக் கொட்டினால் சத்தையும் கொட்டியாயிற்று.

எல்லாம் சரி. செவ்வாய், வெள்ளி, கார்த்திகை, சஷ்டி? அப்பத்தா வீட்டில் அன்று மீன் நுழையாது. உளுந்துக்கும் சேர்த்து விரதம். தயிர்ச்சாதத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, குட்டி போட்ட பூனை மாதிரி என்பார்களே, குட்டியே போடாத இது அப்படி அலைந்தது. பாக்கெட் உணவு முதன்முதலில் பள்ளத்தூர் வீட்டுக்குள் நுழைந்தது ஒரு வெள்ளிக்கிழமைதான். "அது பிஸ்கட்டுதானே, பரவாயில்லை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதில் கோழி இருக்கிறது என்று நானும் சொல்லவில்லை.

ஆனால் உலர் தீனி மட்டும் போட்டு வளர்த்த என் வழியும் முழுச் சரியில்லை. அதில் ஈரம் பத்தில் ஒரு பங்குதான். பூனை தானாகத் தேடி நிறையத் தண்ணீர் குடிக்கும் ஜாதியும் அல்ல. பங்குனி வெயிலில் அப்பத்தின் மூத்திரக் கட்டிகள் சிறிதாகிக்கொண்டே வந்ததைப் பார்த்துத்தான் பயந்தேன். கடுவனுக்கு நீர்ப்பாதை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. இப்போது காலையும் மாலையும் குட்டிகளுக்கான உலர் தீனி, மதியமும் இரவும் வேகவைத்த கோழி, நீரோடு. ஆறு மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, பிறகு குறைக்கலாம். சாப்பாட்டில் சமநிலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கதவு

உளுந்து காணாமல் போனது மூன்றாவது மாதம். தெருவில் தேடினோம், கிணற்றில் பார்த்தோம், ஓட்டுக்கு மேலே ஏறிப் பார்த்தோம். இரவு வளவில் எல்லாரும் படுத்த பிறகு மெல்லியதாக ஒரு முனகல். அதே வீட்டில் பங்காளிக்குரிய அறைக்குள்ளிருந்து. மேலே உடைந்த காற்றுத்துவாரம் வழியாகக் குதித்திருக்கிறது, திரும்ப ஏற முடியவில்லை. அறைக்கு அந்தக் காலப் பூட்டு, சாவி சென்னையில் சித்தப்பா வீட்டில். பர்மாத் தேக்குக் கதவு, உடைப்பதென்றால் மனசு வராது, உடைக்கவும் முடியாது. கதவுக்கு அடியில் விரல் நுழையும் சந்து. அதில் கோழித் துணுக்குகளை ஈர்க்குச்சியால் தள்ளினோம், நனைத்த துணியின் நுனியை உள்ளே விட்டோம், சப்பியது. மறுநாள் இரவு பல்லவன் எக்ஸ்பிரஸில் வந்த உறவினர் கையில் சாவி வந்தது.

பெரிய வீட்டைக் குட்டிக்கு முதல் நாளே திறந்துவிடுவது அன்பு அல்ல. ஒரு அறை, அதில் தட்டு ஒரு மூலை, தண்ணீர் எதிர்மூலை, ஒளிய ஒரு பெட்டி. ஒன்றிரண்டு வாரம் கழித்து அடுத்த அறை. மாடி வீடு சிறிது என்பதால் எனக்கு இது தானாக அமைந்தது, கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை. அடைத்தே வைத்த அப்பம் சலிப்பில் திரைச்சீலையைக் கிழித்ததும் உண்மை. கயிறு சுற்றிய கட்டையைப் படுக்கைக்குப் பக்கத்தில் நட்ட பிறகு நின்றது. தூங்கி எழுந்ததும் நெட்டி முறித்துக் கீறுவது அதன் வழக்கம், ஆளுயரம் வேண்டாம், மூன்றடி போதும். திறந்த வளவில் காக்கை, குரங்கு, வெளியே நாய். உளுந்து இப்போது இரண்டு கட்டுக்குள் சுற்றுகிறது, பின்வாசல் பகலிலும் சாத்தியே இருக்கிறது.

அதட்டலா, தட்டுச் சத்தமா

அடுப்புமேடையில் ஏறிய அப்பத்தின் மேல் நான் தண்ணீர் பீய்ச்சினேன். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்ற கணக்கு. சேரவில்லைதான், நான் இருக்கும்போது. நான் குளிக்கப் போனதும் ஏறியது. போதாக்குறைக்கு என் கையில் பாட்டிலைக் கண்டால் கட்டிலுக்கடியில் ஓடியது. மேடையை அது வெறுக்கவில்லை, என்னை வெறுத்தது.

அப்பத்தா அதட்டியதே இல்லை. சோறு வைக்குமுன் கரண்டியால் எவர்சில்வர் தட்டை மூன்று தடவை தட்டுவார், அவ்வளவுதான். முகப்பிலிருந்தாலும் இரண்டாங்கட்டிலிருந்தாலும் உளுந்து வால் நட்டுக்கொண்டு வந்து நிற்கும். அந்தச் சத்தத்தை வைத்தே மேடையிலிருந்து இறக்குகிறார், அறையிலிருந்து வரவழைக்கிறார், இரவு உள்ளே கூப்பிடுகிறார். வந்தால் எப்போதும் ஒரு துணுக்கு உண்டு. அடித்துக் கூப்பிட்டது ஒரு தடவை கூட இல்லை. நான் பாட்டிலைத் தூக்கி எறிந்துவிட்டு மேடைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டேன். அதில் உட்கார்ந்தால் கோழி. மூன்று வாரத்தில் மேடை மறந்தது. இந்தச் சுற்று முழுக்க அப்பத்தாவுக்கு.

இருவருமே தப்புச் செய்த இடம்

தடுப்பூசி. நான் அப்பம் வெளியே போவதே இல்லையே என்று தள்ளிப்போட்டேன், அப்பத்தா இத்தனை பூனைக்கும் யார் ஊசி போட்டது என்றார். கால்நடை மருத்துவர் இருவரையும் ஒரே பார்வை பார்த்தார். பூனைக் காய்ச்சலுக்கும் சளிக்குமான முக்கூட்டு ஊசி எட்டாம் வாரத்திலிருந்து மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை. வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில், பிறகு வருடாவருடம். பூச்சி மருந்து அதற்கும் முன்பே. குட்டி கீறினால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நமக்கும் மருத்துவமனைதான். வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலோ நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தோ பூனையைக் கொல்லும், கிட்டவே கொண்டுபோகாதீர்கள்.

கருத்தடையை அப்பத்தா பாவம் என்றார். பெட்டை ஐந்தாவது மாதத்திலேயே சினைப்படலாம், ஒன்பது வாரத்தில் குட்டி, விறகு மூலை மறுபடி நிறையும் என்று கணக்குச் சொன்னேன். மௌனமாக இருந்தவர், தாய்ப்பூனையையும் சேர்த்தே கூட்டிப் போ என்றார். அப்பத்துக்கு ஆறாவது மாதத்தில் முடிந்துவிட்டது. தாய்க்கும் உளுந்துக்கும் அடுத்த வாரம் தேதி. அப்பத்தை அன்று துணிப்பையில் கொண்டுபோய், பாதி வழியில் பைக்கிலிருந்து அது குதிக்கப் பார்த்த அனுபவத்தில், இவற்றுக்கு இப்போதே கூண்டு வாங்கி வளவில் கதவைத் திறந்து வைத்திருக்கிறது, உள்ளே அப்பத்தாவின் பழைய கண்டாங்கித் துணி. நேற்றுப் போனபோது மதியத்துக்கு இரண்டும் அதற்குள்தான் நெருக்கிப் படுத்திருந்தன.