எலிக்கு "மூலிகை வில்லை" என்று சொல்லி லாஃப்ட்டில் விஷவாயு மாத்திரை வைத்தார்கள்: நங்கநல்லூர், ஆதம்பாக்கம் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து படிக்கவும்

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பேப்பரோடு சேர்ந்து வந்த நோட்டீஸைப் பார்த்து எலித் தொல்லைக்கு ஆள் கூப்பிட்டோம். வந்தவர்கள் மூலிகை என்று சொல்லி எங்கள் லாஃப்ட்டில் வைத்துவிட்டுப் போனது அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. நெல் கிடங்குகளில் மூட்டைகளுக்குப் புகை போடப் பயன்படுத்துவது. இரண்டாம் வகுப்பு படிக்கும் என் பையன் அந்த அறையில்தான் ஜன்னலை மூடி, ஏசி போட்டுத் தூங்குவான்.

எங்களுடையது நங்கநல்லூரில் தரைத்தளத்தோடு கூடிய பழைய தனிவீடு. ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் தெருவில் வடிகால் நிரம்பும், வளைகளில் தண்ணீர் ஏறும், எலியெல்லாம் காய்ந்த இடம் தேடி வீட்டுக்குள் வந்துவிடும். மார்கழி முடியும் வரை இந்தத் தொல்லை ஓயாது. இந்த முறை சிங்க் அடியிலிருந்த அரிசி மூட்டையைக் கடித்து, வாஷிங் மெஷின் ஒயரையும் கடித்துவிட்டன. அதனால்தான் ஆள் கூப்பிட்டோம்.

கம்பெனி டிஷர்ட் போட்ட இரண்டு பேர் வந்தார்கள். ஒரு வருட கான்ட்ராக்ட் 4,500 ரூபாய் என்றார்கள். "என்ன மருந்துப்பா?" என்று கேட்டதற்கு, "ஹெர்பல் மேடம், வாசனையே வராது, குழந்தைங்க இருந்தாலும் ஒண்ணும் ஆகாது" என்றார் மூத்தவர். டப்பாவைக் காட்டச் சொன்னேன். ஆபீஸிலேயே பிரித்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவார்கள் என்று பதில் வந்தது. அப்புறம் வீட்டைச் சுற்றிப் பார்த்து எட்டு ஓட்டை இருக்கிறது, ஒன்றுக்கு 350 என்று சொல்லி, ஸ்பிரேயில் வரும் மஞ்சள் ஃபோமை அடித்து அடைத்தார்கள். பிளக்கில் சொருகும் எலி விரட்டும் மெஷின் ஒன்று 1,800. எல்லாம் சேர்த்து 9,100 ரூபாய். கையெழுத்துப் போட்ட ஒரு கேரண்டி கார்டு கொடுத்தார்கள். பில் வாட்ஸ்அப்பில் வரும் என்றார்கள், வரவேயில்லை.

அன்று சாயங்காலம் மாமனார் ஊரிலிருந்து வந்தார். நெல் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பையன் அறைக்குள் போனதுமே நின்றுவிட்டார். "ஏம்மா, இங்க என்ன பூண்டு நாத்தம்? கொஞ்சம் கருவாட்டு வாடையும் அடிக்குதே?" என்று கேட்டு, லாஃப்ட்டில் டார்ச் அடித்துப் பார்த்தார். பேப்பரில் சுற்றிய சாம்பல் நிற மாத்திரைகள். பாதி அதற்குள் பொடியாக உதிர்ந்திருந்தன. "எல்லாரும் வெளியே போங்க, கதவு ஜன்னலை எல்லாம் திறந்து போடுங்க, யாரும் அதைத் தொடக்கூடாது" என்று அவர் போட்ட சத்தம் இன்னும் எனக்கு நடுக்கம் தருகிறது.

அவர் சொன்னதைக் கேளுங்கள். கிடங்கில் இந்த மாத்திரை போட்டால் மூட்டை அடுக்கு முழுவதையும் தடித்த தார்ப்பாயால் மூடி, ஓரம் முழுக்க மணல் பைகளை வரிசையாக வைத்து அழுத்திவிடுவார்கள். நாள் கணக்கில் யாரையும் கிட்டே விடமாட்டார்கள். வயலில் என்றால் எலி வளைக்குள் போட்டு மண்ணால் மூடுவார்கள். காற்றில் உள்ள ஈரம் பட்டாலே மாத்திரையிலிருந்து பாஸ்பீன் என்ற வாயு கிளம்பும். மழைக்காலத்துச் சென்னைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? சுத்தமான பாஸ்பீனுக்கு வாசனையே கிடையாது, நாம் முகர்வது அதோடு கலந்துவரும் மற்ற வாயுக்களை. ஆகவே வாடை இல்லை என்பதை வைத்து ஆபத்து இல்லை என்று நினைக்கவே கூடாது. இந்த வாயுவுக்கு மாற்று மருந்தும் கிடையாது. வாந்தி, நெஞ்சடைப்பு, மூச்சுத் திணறல் என்று தொடங்கி இதயத்தைத் தாக்கும். மருத்துவர்கள் உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் சிகிச்சைதான் தர முடியும்.

2024 நவம்பரில் குன்றத்தூரில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். பெஸ்ட் கன்ட்ரோல் ஆட்கள் வீட்டுக்குள் எலி மருந்து வைத்துவிட்டுப் போனார்கள். குடும்பம் ஏசி அறையில் தூங்கியது. இரண்டு சின்னக் குழந்தைகள் இறந்தார்கள், பெற்றோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அதற்குப் பிறகும் அதே மாதிரி வேலையை மூலிகை என்ற பெயரில் ஒருவர் துணிந்து செய்கிறார் என்றால் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

அன்றிரவு குரோம்பேட்டையில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டோம். மறுநாள் மாமனாருக்குத் தெரிந்த, உரிமம் உள்ள ஒருவர் முகமூடி, கையுறையோடு வந்து மாத்திரைகளை எடுத்துப் போனார். வைத்தவர்களுக்குப் போன் செய்தபோது முதலில் "பயப்படாதீங்க மேடம்" என்றார்கள். பெயரைச் சொல்லி, இது என்ன மாத்திரை என்று எங்களுக்குத் தெரியும் என்றதும் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். கார்டைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் பொடி எழுத்தில் "வீட்டில் உணவுப் பொருள் திறந்திருந்தால் கேரண்டி செல்லாது" என்று இருக்கிறது. சமையலறை உள்ள எந்த வீட்டுக்கும் இந்த கேரண்டி செல்லாது என்றுதானே அர்த்தம்?

மீதி வேலையும் ஏமாற்றுதான். ஃபோமை எலி வாரம் முடிவதற்குள் குடைந்துவிட்டது. அது காற்று, தூசி வராமல் அடைக்கும் பொருள், எலிப் பல்லுக்குத் தாங்காது. மெஷினின் ஒலி சுவரைத் தாண்டாது, பீரோவுக்குப் பின்னால்கூடப் போகாது. எலிகள் சீக்கிரமே பழகிக்கொள்ளும்.

உரிமம் உள்ளவர் செய்தது வேறு மாதிரி. சிங்க் குழாய், ஏசி செப்புக் குழாய், வாஷிங் மெஷின் குழாய் சுவருக்குள் போகும் இடங்களில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து மேலே சிமென்ட் பூசினார். பாத்ரூம் ஜாலியை இரும்பில் மாற்றினார். பின்கதவுக்கு அடியில் அலுமினியப் பட்டை அடித்தார். சுண்டெலிக்கு ஆறு மில்லிமீட்டர் இடைவெளி போதும், பெரிய எலிக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. மொட்டை மாடியைத் தொட்ட முருங்கைக் கிளையை வெட்டச் சொன்னார். உள்ளே மாட்டிக்கொண்டவற்றுக்கு எலிக்கூண்டுதான். எலி புதுப் பொருளைக் கண்டால் சந்தேகப்படும், அதனால் முதல் சில இரவு கதவு விழாமல் கட்டிவைத்து, சுட்ட தேங்காய்த் துண்டை மட்டும் வைக்கச் சொன்னார். பயம் தெளிந்து தின்னத் தொடங்கியபின் கூண்டைப் பூட்டினோம். விழுந்தன. புழுக்கையை உலர்ந்தபடி பெருக்காமல், பிளீச்சிங் கரைசல் தெளித்து நனைத்துவிட்டு கையுறையோடு துடைக்க வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான்.

இனி யாரைக் கூப்பிட்டாலும் பூச்சிக்கொல்லிச் சட்டப்படியான உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். கூலிக்கு மருந்தடிக்கும் தொழில் செய்ய அது கட்டாயம். மருந்தின் அசல் டப்பாவைக் காட்டச் சொல்லி, லேபிளில் உள்ள ரசாயனப் பெயரையும் முக்கோணத்தின் நிறத்தையும் போட்டோ எடுங்கள். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். எலி கேக்கில் இருக்கும் புரோமாடியோலோன் உடம்புக்குள் போய்விட்டால் வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்றலாம், பாஸ்பீனுக்கு அந்த வழியே இல்லை. 108-ல் ஏறும்போது டாக்டர் கேட்கும் முதல் கேள்வி மருந்தின் பெயர்தான். அதைச் சொல்ல மறுக்கிற ஆளை லாஃப்ட் ஏறவே விடாதீர்கள்.

1915 நுகர்வோர் எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறோம். வேளாண்மைத் துறையிலும் எழுதிக் கொடுத்தோம், போட்டோக்களையும் கார்டையும் இணைத்திருக்கிறோம். பணம் திரும்பி வரவில்லை.

உங்கள் பேப்பரிலும் பச்சை இலை போட்ட "100% மூலிகை எலி ஒழிப்பு" நோட்டீஸ் வந்து, ஆள் வந்து போயிருந்தால், இன்றே டார்ச் எடுத்து லாஃப்ட்டையும் கட்டிலுக்கு அடியையும் பாருங்கள். பேப்பர் பொட்டலமோ சாம்பல் நிறப் பொடியோ இருந்தால் தொடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஜன்னலைத் திறந்து, ஏசியை அணைத்து, குழந்தைகளோடு வெளியே வந்த பிறகு போன் செய்யுங்கள்.